பாத்திரமும் உவமையும்: சேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு'

நாடக இலக்கியத்தைக் கற்கப் புகும் மாணவன் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களை எழுதி முடிப்பதோடு தன் கடமை தீர்ந்ததெனக் கருதுகின்றான். ஒன்று பாத்திரங்களின் குணங்களை வரிசைப்படுத்துவது. மற்றையது உவமை, உருவகம் முதலிய அணிகளைக் காட்சிவாரியாகத் தொகுப்பது. வினாத்தாளிலும் இவை இரு வேறு வினாக்களாகவே இடம்பெறுவதுண்டு. இவ்வாறு பிரித்துக் கற்பதனால் விளையும் கேடு சிறிதன்று. குணங்கள் வெறும் பெயர்ச்சொற்களாகி விடுகின்றன. அணிகள் எவர் வாயிற் பிறந்தன, எந்நிலையிற் பிறந்தன என்பன மறக்கப்பட்டு, கதையின் மேற் பூசிய வண்ணமாக எண்ணப்படுகின்றன.

தமிழிலக்கண மரபு இப் பிரிவினையை ஏற்பதில்லை. தொல்காப்பியர் உவமவியலில் வினை, பயன், மெய், உரு என உவமை தோன்றும் வகை நான்கினைக் கூறியதோடு அமையவில்லை. சிறப்பு, நலன், காதல், வலி என்பவற்றை உவமை பிறக்கும் நிலைக்களங்களாகவும், இழிவு பற்றி வருவதனை அவற்றோடு சேர்த்தெண்ணத்தக்கதாகவும் வகுத்துள்ளார். தலைவி கூறும் உவமை அவள் அறிந்த பொருள்களைக் கொண்டே அமைதல் வேண்டும். தோழி கூறுவது அவள் வாழும் நிலத்தைக் கடத்தலாகாது. தலைவன் கூறுவது அவனது அறிவுரன் தோன்ற அமையும் என்பன அவர் காட்டும் விதிகள். சொல்பவர் யாரென அறியாது உவமையின் பொருத்தத்தை அறிதல் இயலாது என்பதே இவ்விதிகளின் உட்கிடை. சுவாமி விபுலாநந்தர் 1926 இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யிற் சேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டினைத் தமிழ் நாடக இலக்கண நோக்கில் ஆராய்ந்து, இத்தகைய ஒப்புநோக்குக்கு வழிவகுத்தார். அவ் வழியில் நின்று, பண்டிகை ஒன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட 'பன்னிரண்டாம் இரவு' என்னும் நாடகத்தை ஆராயுமிடத்து, பாத்திரமும் உவமையும் ஒன்றையொன்று விளக்கி நிற்றலைக் காணலாம்.

நத்தார்ப் பண்டிகையினை அடுத்து வரும் பன்னிரண்டு நாட்களும் பழைய இங்கிலாந்திற் கொண்டாட்ட நாட்களாயிருந்தன. சனவரி 6 ஆம் திகதியோடு அவை நிறைவெய்தும். விருந்து, இசை, வேடம், கூத்து என்பவற்றோடு, ஏவலர் தலைவராகவும் தலைவர் ஏவலராகவும் நிலைமாறி நடிக்கும் வழக்கமும் அந்நாட்களிலே உண்டு. மறுநாள் விடிந்தால் அவரவர் தத்தம் நிலைக்கு மீளுதல் வேண்டும். எனவே பன்னிரண்டாம் இரவு களிப்பின் உச்சமாகவும் அதன் முடிவாகவும் அமைந்த இரவாகும்.

இந்நாடகம் நடிக்கப்பட்டமைக்குக் கிடைத்துள்ள முதற் சான்று சட்ட மாணவரான ஜோன் மனிங்காமின் நாட்குறிப்பாகும். 1602 ஆம் ஆண்டு பெப்ரவரி 2 ஆம் திகதி, இலண்டன் மிடில் ரெம்பிள் சட்டக் கழக விருந்தின்போது இதனைக் கண்ட அவர், காரியஸ்தனை ஏமாற்றும் சூழ்ச்சியையே சிறப்பாக வியந்து எழுதினார். நாடகம் அச்சேறியது 1623 ஆம் ஆண்டுப் பெருந்தொகுதியிலேதான். 1663 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் திகதி, பண்டிகை நாளன்றே, சாமுவேல் பீப்ஸ் இதனை அரங்கிலே கண்டார். நடிப்பு நன்றெனினும் நாடகம் அறிவற்றதென்றும், அதன் பெயருக்கோ அந் நாளுக்கோ எவ்விதத் தொடர்பும் இல்லாததென்றும் அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நாடகத்தில் நத்தாரைப் பற்றிய பேச்சு இல்லை என்பது உண்மையே. ஆயினும் பீப்ஸின் தீர்ப்பு சரியானதா என்னும் வினாவுக்கு நாடகத்தின் உவமைகளே விடை பகர வல்லன.

கதையைச் சுருங்கக் கூறின் அது வருமாறு: கப்பல் உடைந்து இலிரியா நாட்டுக் கரையில் ஒதுங்கிய வயோலா, இரட்டையராய்ப் பிறந்த தன் உடன்பிறப்பு செபஸ்தியான் கடலில் மாண்டான் எனக் கருதி, செசாரியோ என்ற பெயருடன் ஆண்வேடம் பூண்டு கோமகன் ஓர்சினோவிடம் ஏவலனாக அமர்கின்றாள். ஓர்சினோ காதலிப்பது சீமாட்டி ஒலிவியாவை. அவளோ இறந்த தன் தமையனுக்காக ஏழாண்டு துக்கம் காப்பதாகச் சூளுரைத்துள்ளாள். தூது சென்ற செசாரியோ மீது ஒலிவியா காதல் கொள்கின்றாள். வயோலா ஓர்சினோவைக் காதலிக்கின்றாள். ஒலிவியாவின் மாளிகையில் அவளுடைய சிற்றப்பன் முறையினனான சேர் ரோபியும், அவன் நண்பன் சேர் அன்றூவும், பணிப்பெண் மரியாவும் களியாட்டத்தில் ஈடுபடுகின்றனர். அதனைக் கண்டிக்கும் காரியஸ்தன் மல்வோலியோவை மரியா ஒரு போலிக் கடிதத்தால் வீழ்த்துகின்றாள். செபஸ்தியான் உயிரோடு திரும்ப, சிக்கல் அவிழ்கின்றது. இக்கதை கடல் கடந்து பல மொழிகளிற் புகுந்தது. 1949 இல் வெளிவந்த 'கன்னியின் காதலி' என்ற தமிழ்த் திரைப்படம் இதனைத் தழுவியதேயாம். ஆனாற் கதை இடம்பெயர்தல் எளிது. அக்கதை மாந்தரின் உயிர் தங்கியிருக்கும் உவமைகளை இடம்பெயர்த்தல் அரிது.

முதலில் ஓர்சினோவை நோக்குவோமாயின், அவன் உவமை இன்றிப் பேசவே அறியாதவன் என்பது புலனாகும். நாடகம் அவன் வாய்மொழியோடு தொடங்குகின்றது. இசையைக் காதலுக்கு உணவாகக் கொண்டு, மிகுதியாக உண்டு தெவிட்டினால் அப் பசியே மடிந்துவிடும் என அவன் விரும்புகின்றான். சில கணங்களிலே அந்த இசை முன்போல் இனிக்கவில்லை என நிறுத்தச் சொல்கின்றான். காதலைக் கடலாக உருவகித்து, அதனுட் புகும் எப்பொருளும் கணப்பொழுதில் மதிப்பிழக்கும் என்கின்றான். வேட்டைக்கு வருகின்றீரோ என ஏவலன் வினவ, ஒலிவியாவைக் கண்ட அன்றே தான் மானாக மாறியதாகவும் தன் ஆசைகள் வேட்டை நாய்களாகித் தன்னைத் துரத்துவதாகவும் விடையிறுக்கின்றான். இவ்வுருவகத்தின் உள்ளமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. மானும் அவனே, நாய்களும் அவனுடையனவே. ஒலிவியா அவ்வேட்டைக்கு ஒரு காரணமாக மாத்திரம் நிற்கின்றாள். காதலியின் பெயரைச் சொல்லித் தன்னையே சுற்றிவரும் ஒருவனின் உள்ளத்தை இதனினும் தெளிவாக விளக்க இயலாது.

இரண்டாம் அங்கத்தின் நான்காம் காட்சியில் ஓர்சினோ அதே உவமைகளை மீண்டும் கையாள்கின்றான். பெண்களின் காதல் நாவளவிலான பசியே, தெவிட்டினால் வெறுப்பாகிவிடும். தன் காதலோ கடலைப் போன்ற பசியுடையது. எவ்வளவையும் செரிக்க வல்லது. இவ்வாறு அவன் வயோலாவிடம் கூறுகின்றான். முதற் காட்சியிலே தெவிட்டி நோயுறும் பசி அவனுடையதாகவே இருந்தது. அதனை இப்போது பெண்பாலார் தலையிற் சுமத்துகின்றான். கடலுவமையோ முன்னர் எதனையும் மதிப்பிழக்கச் செய்வதாயிருந்து, இப்போது அவனது பெருமைக்குச் சான்றாக வருகின்றது. அதே காட்சியிற் சற்று முன்னர், ஆடவரின் மயலே பெண்களின் மயலினும் நிலையற்றதென அவனே அறிவுரை கூறியிருந்தான் என்பதும் மறக்கற்பாலதன்று. விதூடகன் பெஸ்தே இவற்றையெல்லாம் ஒரே உவமையால் அளந்துவிடுகின்றான். நிறம் மாறும் பட்டினாற் சட்டை தைத்து அணியுமாறும், அவன் மனம் பல நிறங் காட்டும் ஒபல் மணி போன்றதென்றும் கோமகன் முகத்துக்கெதிரே கூறிச் செல்கின்றான். குணப் பட்டியலில் 'நிலையற்றவன்' என ஒரு சொல்லில் முடிவதனை, ஒரு சட்டையும் ஒரு மணியும் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

ஒலிவியாவிடம் உவமை வேறொரு தொழிலைச் செய்கின்றது. தூது வந்த வயோலா, ஒலிவியா தன் அழகினை உலகுக்குப் படியெடுத்துத் தாராது புதைகுழிக்கு எடுத்துச் செல்லலாகாது எனக் கூற, ஒலிவியா அதனைச் சட்டத்தரணியின் மொழிக்கு மாற்றிவிடுகின்றாள். தன் அழகைப் பட்டோலை செய்து மரணசாதனத்தோடு சேர்ப்பதாகக் கூறி, ஓரளவு சிவந்த உதடுகள் இரண்டு, இமைகளோடு கூடிய கண்கள் இரண்டு, கழுத்தொன்று, மோவாயொன்று என எண்ணிக் காட்டுகின்றாள். கேசாதிபாத வருணனைகளிலே பழகிய தமிழ் மாணவனுக்கு இவ்விடத்தின் நகைச்சுவை எளிதிற் புலப்படும். காதலர் வழக்கமாகக் கூறும் அழகுப் பட்டியலை அவள் சொத்துப் பட்டியலாக ஆக்கிச் சிரிக்கின்றாள். பழகித் தேய்ந்த உவமைகளால் அவளை வெல்ல முடியாது. எனினும் செசாரியோ சென்றபின் அதே நாவு, தொற்றுநோய் இத்துணை விரைவிற் பற்றுமோ என வியக்கின்றது. எள்ளி நகையாடிய அறிவுக்கும் நோயுற்ற உள்ளத்துக்குமிடையே கழிந்தது சிறுபொழுதே. சொத்துப் பட்டியலிலிருந்து தொற்றுநோய்க்குச் செல்லும் இம்மாற்றமே அவள் பாத்திரத்தின் வளர்ச்சியாகும்.

வயோலா ஓர்சினோவின் சொற்களைச் சுமந்து செல்லும் வரையில், மனனம் செய்த பேச்சினையே ஒப்புவிக்கின்றாள். அதனை மனனம் செய்ய உழைத்ததாகவும் ஒளியாது கூறுகின்றாள். அவள் தன் சொல்லிற் பேசத் தொடங்கும்போது நிலைமை மாறுகின்றது. தானாயின் ஒலிவியாவின் வாயிலிலே அலரிக் கொப்பினாற் குடிலமைத்து, இரவிலும் காதற் பாடல் பாடி, மலைகள் எதிரொலிக்க அவள் பெயரை அழைத்திருப்பேன் என்கின்றாள். இங்கே குடில், வாயில், மலை, காற்று எனப் பொருள்கள் உள. செய்யும் தொழில்களும் உள. ஓர்சினோவின் கடலிலும் வேட்டையிலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. படுத்திருந்து உணர்தல் மாத்திரமே உண்டு. ஒருவன் காதலிக்கும் தன்மையையும் மற்றொருத்தி காதலிக்கும் தன்மையையும் இவ்வேறுபாடே காட்டிவிடுகின்றது.

இவளுடைய உவமைகளுட் தலைசிறந்தது ஓர்சினோவுக்குக் கூறும் உடன்பிறந்தாள் கதையிலே வருவது. தன் தந்தைக்கு ஒரு மகள் இருந்தாளென்றும், அவள் தன் காதலை வெளியிடாது மறைத்தாளென்றும், அம்மறைப்பு மொட்டினுட் புழுப்போல அவள் கன்னத்தின் செம்மையை அரித்ததென்றும், கல்லறைமேற் செதுக்கிய பொறுமையின் உருவம்போல அவள் துயரைப் பார்த்துப் புன்னகை புரிந்து அமர்ந்திருந்தாளென்றும் வயோலா கூறுகின்றாள். புழு உள்ளிருந்து இயங்குவது. சிலை வெளியில் அசையாதிருப்பது. இரண்டும் சேர்ந்தே அவள் நிலையைக் காட்டுகின்றன. அகத்திணை மரபில் உள்ளுறை உவமம் கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு வருவது. இவ்விடம் அவ்வரையறைக்கு முற்றும் பொருந்துவதன்று. எனினும் கூறிய பொருளுக்குள் கூறாத பொருளை வைத்து, கேட்போன் உணர்ந்துகொள்ள விடுதல் என்னும் நெறி இரண்டிற்கும் பொதுவாம். கேட்போன் உணராதவிடத்து உள்ளுறை என்னாகும்? ஓர்சினோ, அவள் அக்காதலால் இறந்தாளோ என்று மாத்திரம் வினவுகின்றான். நாடகத்தின் மிக ஆழ்ந்த துயரம் சொல்லப்பட்டும் கேட்கப்படாமற் போகின்றது. வயோலா அதனைப் பொறுத்துக்கொள்கின்றாள். தன் சிக்கலைத் தான் அவிழ்க்க இயலாத முடிச்சு என முன்னரே கண்டு, அதனை அவிழ்க்கும் பொறுப்பைக் காலத்திடம் விட்டவள் அவள்.

பெஸ்தே சொற்களின் தன்மையையே தன் பொருளாகக் கொள்பவன். நல்லறிவுடையோன் கையில் ஒரு வாக்கியம் மெல்லிய தோற் கையுறை போன்றது. எத்துணை விரைவில் உட்புறம் வெளிப்புறமாகிவிடுகின்றது என அவன் கூறுவது, நாடகத்தின் முழு இயக்கத்துக்கும் உரையாக அமைகின்றது. வயோலாவின் உடையும், மாளிகையின் ஒழுங்கும், காதலும் வெறுப்பும் கையுறைபோற் புறம் மாறுகின்றன. பண்டிகை நாட்களின் நிலைமாற்றமும் இதுவே. பெஸ்தேயைப் பற்றி 1916 இலே தனிக்கட்டுரை எழுதிய ஏ. சி. பிராட்லி அவனைச் சேக்ஸ்பியரின் விதூடகர்களுள் உயர்ந்த இடத்தில் வைத்து மதித்ததில் வியப்பில்லை.

இனி மல்வோலியோவுக்கு வரலாம். நாடகத்தைப் பற்றிய வாதங்கள் அனைத்தும் இவனிடத்திலேயே குவிகின்றன. 1623 இல் அரசவையில் இந்நாடகம் 'மல்வோலியோ' என்ற பெயரிலேயே ஆடப்பட்டது. முதலாம் சாள்ஸ் மன்னன் தன் சொந்தப் பிரதியில் நாடகத்தின் பெயருக்கருகே இவன் பெயரை எழுதி வைத்தான். ஒலிவியா இவனைத் தற்காதல் என்னும் நோயால் நலிந்து, கெட்ட பசியோடு எதனையும் சுவைப்பவன் எனக் கடிகின்றாள். பசி, நோய், சுவை ஆகிய இவை ஓர்சினோவின் உவமைகளே. ஆகவே கோமகனும் காரியஸ்தனும் ஒரே நோயின் இரு நோயாளர் என்பதை ஆசிரியர் உவமை வாயிலாக உணர்த்துகின்றார். ஒருவனுக்குச் செல்வமும் பிறப்பும் உண்டு. அவனது தற்காதல் கவிதை எனப் போற்றப்படுகின்றது. மற்றவன் ஊதியம் பெறும் பணியாளன்; அவனது தற்காதல் பைத்தியம் எனப் பூட்டப்படுகின்றது.

மல்வோலியோ உவமைகளை அளவுகோலாகவே பயன்படுத்துகின்றான். செசாரியோவை வருணிக்கும்போது, பயறு முற்றாத நெற்று, பழம் ஆகாத பிஞ்சு எனப் பருவத்தைக் கணித்துக் கூறுகின்றான். எல்லாவற்றையும் அளந்து இடத்தில் வைக்கும் மனம் அவனுடையது. அத்தகைய மனத்துக்கு மரியாவின் கடிதம் பொறியாகின்றது. கடிதத்திலுள்ள நான்கு எழுத்துக்களும் தன் பெயரில் இருக்கின்றன என்பதைக் கண்டு, அவற்றின் வரிசை ஒவ்வாதிருந்தும், சற்றே நசுக்கினால் தன்பக்கம் வளையும் என முடிவு செய்கின்றான். விரும்பிய பொருளை நூலின்மேல் ஏற்றி வாசிக்கும் வாசகருக்கெல்லாம் இக்காட்சி எச்சரிக்கையாகும். கடிதம் சொன்னபடியே மஞ்சட் காலுறையும் குறுக்குக் கட்டும் அணிந்து, ஓயாது புன்னகை செய்து சீமாட்டிமுன் வந்து நிற்கின்றான். தமையனுக்காகத் துயருறும் வீட்டில், வயோலாவின் கதையிலுள்ள சிலையின் புன்னகையும் இவனுடைய புன்னகையும் அருகருகே வைத்து நோக்கத்தக்கன. ஒன்று துயரை மறைப்பது. மற்றையது மறைக்க ஒன்றுமில்லாதது.

இவ்விடத்தில் நாடகம் முழுவதும் ஓடும் ஓர் உவமைத் தொடரைக் கவனித்தல் வேண்டும். அது வேட்டையும் விலங்கு வதையும் பற்றியது. சேக்ஸ்பியர் காலத்திலே தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் நாடக அரங்குகளுக்கு அணித்தாகவே, கரடியைக் கம்பத்திற் கட்டி நாய்களை ஏவி மகிழும் களமும் இருந்தது. ஒரே மக்கள் இரண்டுக்கும் காசு கொடுத்துச் சென்றனர். ஓர்சினோவின் வேட்டை நாய்கள் முதற் காட்சியில் வெறும் அலங்காரமாகத் தோன்றின. மூன்றாம் அங்கத்தில் ஒலிவியா தன் நாணத்தை மறந்து செசாரியோவுக்கு மோதிரம் அனுப்பியமைக்கு வருந்துமிடத்து, தன் மானத்தைக் கம்பத்திற் கட்டி, வாய்க்கட்டு அவிழ்த்த எண்ணங்களை அதன்மீது ஏவினீரோ எனக் கேட்கின்றாள். இங்கே உவமை அலங்காரமாக இல்லை; வெட்கத்தின் உண்மையான வேதனை அதிலே பேசுகின்றது.

மூன்றாவதாக அது செயலாகவே மாறுகின்றது. மல்வோலியோவுக்கு எதிரான சூழ்ச்சியிற் பேபியன் சேர்ந்தமைக்குக் காரணம், கரடி வதை ஒன்றைப்பற்றி மல்வோலியோ சீமாட்டியிடம் கோள் சொன்னதாகும். அவனைச் சினமூட்ட மீண்டும் கரடியைக் கொண்டுவருவோம் எனச் சேர் ரோபி கூறி, உடனேயே அவனைக் கன்றிப்போகும்வரை ஏமாற்றுவோம் என்று தொடர்கின்றான். கரடியாக வரவிருப்பவன் மல்வோலியோவே என்பது அவ்விரு கூற்றுக்களின் நெருக்கத்திலே தொனிக்கின்றது. சூழ்ச்சியை வகுத்த மரியாவை நல்லினத்து வேட்டை நாய் எனச் சேர் ரோபி முன்னரே பாராட்டியிருந்தான். இறுதியில் மல்வோலியோ அரங்கை விட்டு நீங்குமுன் கூறும் வஞ்சினத்திலே, அங்குள்ளோர் அனைவரையும் குறிக்க அவன் தேர்ந்துகொள்ளும் சொல் நாய்க்கூட்டத்துக்கும் வழங்கும் சொல்லாகும். முதற் காட்சியில் ஓர்சினோவின் கற்பனையில் ஓடிய நாய்கள், இறுதிக் காட்சியில் ஒரு மனிதனைச் சூழ்ந்து நிற்கின்றன. உவமை அணியாகத் தொடங்கி, உணர்ச்சியாகி, செயலாகி, பழியாக முடிகின்றது. பாத்திரம் ஒருபுறம் அணி ஒருபுறமாகப் பட்டியலிடும் மாணவனுக்கு இவ்வியக்கம் ஒருபோதும் புலப்படாது.

இருட்டறைக் காட்சியே நாடகத்தின் சோதனைக் களமாகும். பைத்தியமெனப் பூட்டப்பட்ட மல்வோலியோவிடம் பெஸ்தே குருவானவர் வேடத்தில் வருகின்றான். அறை இருளாயிருக்கின்றதென மல்வோலியோ கூற, சாளரங்கள் தடுப்புச் சுவர்போலத் தெளிந்தன என்றும், மேற்சாளரங்கள் கருங்காலிபோல ஒளிர்கின்றன என்றும் பெஸ்தே விடை கூறுகின்றான். உவமைக்கு உயிரான ஒப்புமை இங்கே திட்டமிட்டுக் கொலை செய்யப்படுகின்றது. கருங்காலி ஒளிரும் எனக் கூறுபவன் சொல்லினைச் சித்திரவதைக் கருவியாக்குகின்றான். மல்வோலியோவோ, இவ்வீடு அறியாமையைப்போல் இருண்டது, அறியாமை நரகத்தைப்போல் இருண்டதாயினும் அப்படியே என்கின்றான். முன்பு பயற்றையும் பிஞ்சையும் கொண்டு பிறரை அளந்தவன், முதன்முறையாகத் தன் துன்பத்திலிருந்து ஓர் உவமையைப் பெறுகின்றான். ஆன்மாவைப் பற்றிய வினாவுக்கும் அதனை உயர்வாகக் கருதுவதாக நிதானத்தோடு விடையளிக்கின்றான். அவன் அறிவு பிறழவில்லை என்பதற்கு அவனுடைய உவமையே சான்று. ஐந்தாம் அங்கத்தில் அவன் ஒலிவியாவிடம் முறையிடும் பேச்சுச் செய்யுளில் அமைந்துள்ளது. அதுவரை உரைநடையிலேயே பேசிவந்தவனுக்குச் சேக்ஸ்பியர் இறுதியிற் செய்யுளின் மேன்மையை வழங்கியமை தற்செயலாகாது.

இதனை நோக்கும்போது, மனிங்காமைப் போல அச் சூழ்ச்சியை நல்ல வேடிக்கையென மாத்திரம் கொள்வது போதாது என்பது தெளிவு. சாள்ஸ் லாம் பழைய நடிகர்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மல்வோலியோ இயல்பாகவே நகைப்புக்கிடமானவன் அல்லன் என்றும், அவன் வீழ்ச்சியில் ஒருவகை அவலச்சுவை உண்டென்றும் வாதித்தார். லாமின் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது நாடகத்தைப் பாதியாகவே காண்கின்றது. மல்வோலியோவைப் பெருமகனாக்கின், நள்ளிரவிலே பாட்டையும் விருந்தையும் அடக்கவந்த அவனது வறண்ட உள்ளத்தை மறக்க நேரும். அவனை ஒருவகைப் பியூரித்தன் எனக் கூறிய மரியாவே, அடுத்த கணத்தில் அவன் எக்கொள்கையிலும் நிலையாக நிற்பவனல்லன், காலத்துக்கேற்ப இச்சகம் பேசுபவனே எனத் திருத்திக் கூறுகின்றாள். பியூரித்தன் என்னும் கடுஞ்சமயச் சீர்திருத்தக் கூட்டத்தார் செல்வாக்குப் பெற்ற காலத்தில், 1642 இல் நாடக அரங்குகள் மூடப்பட்டன; 1647 இலே நத்தார்க் கொண்டாட்டத்தையே பாராளுமன்றம் ஒழித்தது. மல்வோலியோவின் வஞ்சினத்தை அவ்வரலாறு அறிந்த பிற்காலத்தோர் கேட்கும்போது அது வெறுஞ்சொல்லாக ஒலிப்பதில்லை.

உண்மை யாதெனின், நாடகம் இரு தரப்பினரையும் ஒரே அளவையால் அளக்கின்றது. களிப்பை வெறுப்பவன் மனிதத் தன்மையிற் குறைவுடையவன். களிப்பின் பெயரால் ஒருவனை இருட்டறையிற் பூட்டி வைப்போரும் அக்குறை உடையவரே. சேர் ரோபியே இச்சூழ்ச்சி போதும், இதிலிருந்து தப்பினாற் போதும் எனச் சலித்துக்கொள்ளுமிடத்து, வேடிக்கை எல்லை கடந்துவிட்டமை அதனைச் செய்தவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளப்படுகின்றது. எவ்விழாவுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையில் நகை எள்ளலாகி, எள்ளல் வதையாகின்றது. அவ்வெல்லை எங்கேயென வகுத்துரைக்காது, கரடியின் உவமையால் அதனை உணரச் செய்தமையே புலவரின் திறமாகும். சீ. எல். பாபர் 1959 இல் வெளியிட்ட நூலில், சேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்கள் விழாக்களின் அமைப்பைப் பின்பற்றி, கட்டவிழ்ந்த களிப்பின் வழியாகத் தெளிவினை அடைகின்றன என நிறுவினார். இந்நாடகத்தில் அத்தெளிவு ஒரு கசப்போடு சேர்ந்தே வருகின்றது.

அக்கசப்பின் அளவைக் காட்டும் சிறு செய்தி ஒன்று முடிவிலே உளது. பலர் அதனைக் கவனிப்பதில்லை. வயோலாவின் பெண்ணுடை, அவளைக் கரைசேர்த்த கப்பற் தலைவனிடம் இருக்கின்றது. அவனோ மல்வோலியோ தொடுத்த வழக்கினாற் சிறையில் இருக்கின்றான். எனவே மல்வோலியோ மனம் இணங்கினாலன்றி வயோலா தன் உடையைப் பெற இயலாது. சினந்து சென்றவனைப் பின்தொடர்ந்து சமாதானத்துக்கு வேண்டுமாறு ஓர்சினோ ஆணையிடுகின்றான். திரை விழும்போதும் வயோலா ஆண்வேடத்திலேயே நிற்கின்றாள். ஓர்சினோ அவளை வேற்றுடையிற் காணும்போது தன் மயலின் அரசியாவாள் என்கின்றான். முதற் காட்சியில் அவன் பேசிய அதே மயலைக் குறித்தே முடிவிலும் பேசுகின்றான். அவன் மாறினானா என்பதற்கு நாடகம் உறுதி கூறவில்லை. இகழப்பட்ட ஒருவனின் இணக்கத்திலே, மகிழ்ந்தோர் அனைவரின் மகிழ்ச்சியும் தங்கி நிற்கின்றது.

எல்லோரும் நீங்கியபின் பெஸ்தே தனித்து நின்று, காற்றையும் நாள்தோறும் பெய்யும் மழையையும் பற்றிப் பாடுகின்றான். விழா ஓரிரவு, மழையோ எந்நாளும் உண்டு. பண்டிகை முடிந்து கதவுக்கு வெளியே வருவோனுக்குக் காத்திருப்பது அதுவே. இந்நாடகத்துக்கும் அந்நாளுக்கும் தொடர்பில்லை எனக் கூறிய பீப்ஸ் பண்டிகையின் பெயரைத் தேடினார். அதன் பொருளைத் தேடினாரல்லர். பன்னிரண்டாம் இரவில் மாந்தர் வேடம் பூண்பதுபோல இலிரியாவில் உள்ளங்கள் உவமைகளைப் பூணுகின்றன. வேடம் களையும் வேளையில், ஓர்சினோவுக்குக் கடலும் ஒலிவியாவுக்குச் சொத்துப் பட்டியலும் பயனற்றுப் போகின்றன. வயோலாவின் பொறுமையும், இருளைப் பற்றி மல்வோலியோ கூறிய ஒரு சொல்லும் எஞ்சி நிற்கின்றன. எவ்வுவமை எஞ்சியது, எது உதிர்ந்தது என உசாவுவதே பாத்திரத்தை அறியும் நெறி. அதனைக் கைக்கொள்ளும் மாணவனுக்கு இரு பட்டியல்கள் தேவைப்படா.